பட்டறை பதில்கள்: பெரிய வண்டி வாங்கும் முன்

சொகுசு எஸ்.யூ.வி. பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். தள்ளுபடி எங்கே அதிகம், எந்த ஷோரூம் நல்லது என்றெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கிறவன் நான். லிஃப்டில் ஏற்றிய வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

ஐயா, பனியன் ஏற்றுமதி செய்கிறேன். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 30டி, மெர்சிடீஸ் ஜி.எல்.இ. 450டி இரண்டில் ஒன்றை எடுக்கப் போகிறேன். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஊட்டி, அடிக்கடி சென்னை. மெர்சிடீஸில்தான் பவர் அதிகம், அதையே எடு என்கிறார் நண்பர். எது நன்றாக இழுக்கும்?
– வாசகர், திருப்பூர்

நண்பர் சொன்ன கணக்கு சரிதான். இரண்டிலும் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். எக்ஸ்5-ல் 286 குதிரைத்திறன், 650 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. ஜி.எல்.இ.-ல் 367 குதிரைத்திறன், 750 நியூட்டன் மீட்டர். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட முதலாவதற்கு 6.1 நொடி, இரண்டாவதற்கு 5.6 நொடி. இந்த அரை நொடி உங்கள் ஓட்டத்தில் எங்கேயும் தெரியப் போவதில்லை.

தெரியப் போவது டார்க். இரண்டு வண்டியும் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றை ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருக்கும். முன்னால் இரண்டு லாரி சேர்ந்து போகிறது, இடைவெளி கிடைக்கிறது, ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்துகிறீர்கள். கியர் ஒன்றிரண்டு இறங்குவதற்குள்ளேயே வண்டி நகர்ந்திருக்கும். ஐந்து பேர், பெட்டி படுக்கை எல்லாம் இருந்தாலும் அப்படித்தான். இந்த விஷயத்தில் இரண்டுமே உங்கள் தேவைக்கு மேலே. "எது நன்றாக இழுக்கும்" என்று யோசிக்கத் தேவையே இல்லை.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: எது நன்றாக நிற்கும்? மாதாமாதம் ஊட்டி போகிறவர் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆளும் சாமானும் சேர்த்து 2.6 டன் எடையுள்ள வண்டி அந்த 1,500 மீட்டரை இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் பத்து யூனிட் மின்சாரத்துக்கும் மேல். வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட். ஒரு சின்ன கார் ஆட்களோடு 1.3 டன் என்றால் அதற்குப் பாதிதான். இந்தச் சூட்டை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் மொத்தமும் நான்கு டிஸ்க்குக்குப் போகிறது. மலை இறங்கி நேராகப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் டிஸ்க் நீலம் பாரித்திருப்பதைப் பார்க்கிறேன். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேடைக் கழற்றினால் மேல்பரப்பு கண்ணாடி போல வழவழவென்று இறுகிக் கிடக்கும். பேடில் கனம் மிச்சம் இருக்கும், ஆனால் பிடிப்பு போயிருக்கும்.

ஆகவே இறங்கும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற மைனஸ் பேடிலை (கியரை இறக்கும் சின்னக் கட்டை) தட்டி இரண்டு அல்லது மூன்றாம் கியரில் வையுங்கள். இன்ஜின் சுற்று ஏறிச் சத்தம் வரும், பயப்பட வேண்டாம், அதுதான் வண்டியைப் பிடித்து வைக்கிறது. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஈரம் இழுத்த ஆயில் சீக்கிரம் கொதித்துவிடும். கொதித்தால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. எத்தனை குதிரை இருந்தாலும் அந்த நேரத்தில் உதவாது.

சரி, எதை எடுப்பது? நீங்களே ஓட்டுவதென்றால் எக்ஸ்5. ஸ்டியரிங்கும் வளைவில் உடல் சாயாத தன்மையும் அதில் ஒரு படி மேல். 2007-ல் திறந்த சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலையில்தான் அதைப் பூட்டுகிறார்கள் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். டிரைவர் வைத்துப் பின்னால் உட்காருவதென்றால் ஜி.எல்.இ. பின் சீட்டில் கால் நீட்ட இடம் அதிகம், சீட்டை மோட்டாரிலேயே சாய்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்5 முன்பதிவு செய்திருக்கிறேன். 20 அங்குல வீல் வருகிறது. கூடுதல் பணம் கொடுத்து 21 அங்குலம் போட்டால் பார்வையாக இருக்கும் என்கிறான் மகன். போடலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் 275/45 ஆர்20 என்று எழுதியிருக்கும். 275 என்பது அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 275-ல் 45 சதவீதம் 124 மி.மீ. சாலைப் பள்ளத்துக்கும் உங்கள் அலாய் வீலுக்கும் நடுவே இருப்பது இந்த 124 மி.மீ. ரப்பரும் காற்றும்தான். 21 அங்குலத்துக்குப் போனால் முன்னால் 275/40, பின்னால் 315/35. இரண்டையும் கணக்குப் போட்டால் 110 மி.மீ.தான் வரும். 14 மி.மீ. குறைந்ததில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒரு டொயோட்டா ஃபார்ச்சூனரில் 265/60 ஆர்18 டயர், பக்கச்சுவர் 159 மி.மீ. அந்த வண்டி பள்ளத்தில் இறங்கினால் குலுங்கும், ஆனால் டயர் வெடித்து நின்றதை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது என்ன நடக்கிறது என்றால், பக்கச்சுவர் மடங்கி, வீலின் உதட்டுக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே நசுங்குகிறது. உள்ளே இருக்கும் நூல்கள் அறுகின்றன. காற்று உடனே இறங்காது. இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும். பெரும்பாலும் உள்பக்கச் சுவரில்தான் வரும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங் லேசாக ஆடுகிறது என்று அலைன்மென்ட் செய்ய வருவார்கள். லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள்பக்கம் விரலை வைத்தால் புடைப்பு தட்டும். அந்த டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதே டயரோடு நெடுஞ்சாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்வந்திருப்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும்.

இன்னொன்று. முன்னும் பின்னும் ஒரே அளவு டயராக இருந்தால் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யலாம். 275-ம் 315-ம் கலந்து போட்டால் அது முடியாது. ரன்ஃபிளாட் டயர் இருக்கிறதே என்பீர்கள். பஞ்சரானால் 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் போகலாம், அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்குள் உங்கள் அளவு டயர் கிடைக்கும் ஊர் வர வேண்டும். ராமேஸ்வரம் போகிற வழியில் 315/35 ஆர்21 கேட்டுப் பாருங்கள்.

எக்ஸ்5-க்கு 19 அங்குல வீலும் உண்டு, 265/50 அளவில், பக்கச்சுவர் 132 மி.மீ. உங்கள் வண்டிக்கு அது கிடைக்குமானால் நான் அதைத்தான் போடச் சொல்வேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தள பார்க்கிங். லேண்ட் ரோவர் டிஃபென்டர் 110 நிற்குமா?
– வாசகி, அண்ணா நகர், சென்னை

டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள் அம்மா. தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். டிஃபென்டர் 110, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியோடு 5,018 மி.மீ. நீளம். கோட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் நிற்கும். அகலம் 2 மீட்டருக்கு ஒட்டி. கண்ணாடியை மடித்து நடுவில் நிறுத்தினாலும் பக்கத்துக்குக் கால் மீட்டர்தான் மிச்சம். அதில் கதவைத் திறந்து ஒரு ஆள் இறங்க முடியாது. ஒரு பக்கம் தூண் இருந்தால் முடிந்தது. போதாததற்கு டிஃபென்டரின் பின்கதவு மேலே தூக்குவதல்ல, பக்கவாட்டில் திறப்பது. பின்னால் சுவர் இருந்தால் டிக்கியிலிருந்து பை எடுக்கவே வண்டியை வெளியே எடுக்க வேண்டும். உங்கள் இடம் ஓரத்து இடமாக, ஒரு பக்கம் திறப்பாக இருந்தால் வாங்குங்கள்.

அடுக்குப் பார்க்கிங் இயந்திரம் வைத்த கட்டடமாக இருந்தால் அதன் பலகையில் எடை வரம்பும் உயர வரம்பும் எழுதியிருப்பார்கள். இந்த ரக வண்டிகள் இரண்டு டன்னைத் தாண்டும் என்பதை மனதில் வைத்து அதைப் படியுங்கள்.

வீட்டிலிருந்து மருத்துவமனை 4 கி.மீ. தினமும் அது மட்டும்தான் ஓட்டம். டீசல் எடுக்கலாமா, மைலேஜ் கிடைக்குமே?
– மருத்துவர், மதுரை

பெட்ரோல் எடுங்கள் டாக்டர், அல்லது மின்சார வண்டி. இன்றைய டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க வண்டி நன்றாகச் சூடேறி, தொடர்ந்து பதினைந்து இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். 4 கி.மீ.யில் இன்ஜின் சூடாகவே ஆகாது. வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், இழுவை குறையும், பிறகு செலவு. மைலேஜில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும்.

நாங்கள் ஏழு பேர். மாமியாருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. குலதெய்வக் கோயில் அருப்புக்கோட்டை பக்கம், வருடத்தில் பல முறை போவோம். ஆடி க்யூ7, வால்வோ எக்ஸ்.சி.90 இரண்டும் ஏழு சீட் என்பதால் பார்த்து வைத்திருக்கிறோம்.
– வாசகி, திருச்சி

இரண்டும் அருமையான வண்டிகள். க்யூ7-ன் 3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 340 குதிரைத்திறன், சத்தமே கேட்காது. எக்ஸ்.சி.90-ல் குழந்தைக்காக நடு சீட்டிலேயே மேலெழும் மேடை வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் ஏழு பெல்ட் இருப்பதும் ஏழு பேர் உட்காருவதும் வேறு வேறு.

மூன்றாம் வரிசையின் அடியில் பின் அச்சும் அதன் சாமான்களும் இருக்கின்றன. அதனால் அங்கே தரை உயரம், சீட்டு தாழ்வு. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். எக்ஸ்.சி.90-ன் கடைசி வரிசை 170 செ.மீ. உயரம் வரைக்கும் என்று வால்வோவே சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சரி, திருச்சியிலிருந்து அருப்புக்கோட்டை வரை பெரியவர்கள் உட்கார முடியாது. அப்புறம், மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால் டிக்கி என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. பொங்கல் வைக்கும் பானை, அரிசி, வெல்லம், மாற்றுத் துணி, ஏழு பேரின் பைகள் எல்லாம் எங்கே வைப்பீர்கள்? கூரையில் கட்டுவதற்கா இத்தனை பணம்?

ஷோரூமுக்கு ஏழு பேரும் போங்கள். மாமியார் சேலை கட்டியபடி, யாரும் கை கொடுக்காமல் ஏறி இறங்கட்டும். இரண்டாம் வரிசைக் கதவில்தான் பாருங்கள், முன் சீட்டில் அல்ல. ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) உள்ள வண்டி என்றால் அதைத் தாழ்த்தச் சொல்லிப் பாருங்கள், சில செ.மீ. இறங்கினாலே மூட்டு வலிக்காரருக்குப் பெரிய வித்தியாசம். ஏழு பேரும் உட்கார்ந்து கதவைச் சாத்தி, இருபது நிமிடம் அப்படியே இருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினாலும் இறங்காதீர்கள். பிறகு டிக்கியைத் திறந்து பாருங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு, அதே நாளில் கியா கார்னிவலையும் போய்ப் பாருங்கள். எஸ்.யூ.வி. அல்ல, அதன் மிடுக்கு இருக்காது. 2.2 லிட்டர் டீசல், 193 குதிரைத்திறன், க்யூ7-ன் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் தரை தாழ்வு, பக்கக் கதவு தானாகவே நகர்ந்து திறக்கும், பின்னால் ஏழாவது ஆளும் மனிதர் மாதிரி உட்காரலாம், அவருக்குப் பின்னால் பானைக்கும் இடம் இருக்கும். 5,155 மி.மீ. நீளம் என்பதால் வீட்டு வாசலை மட்டும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்.

2023 மிக்ஜாம் புயலில் என் செடான் மூழ்கிவிட்டது. இனி தண்ணீரிலும் போகிற மாதிரி எஸ்.யூ.வி.தான் என்று முடிவு. எது சரியாக இருக்கும்?
– வாசகர், வேளச்சேரி, சென்னை

டிஃபென்டர் 110 ஏர் சஸ்பென்ஷனோடு 900 மி.மீ. தண்ணீரைக் கடக்கும், ஃபார்ச்சூனர் 700 மி.மீ. என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அது அடி தெரிந்த, ஓட்டமில்லாத தண்ணீரை, ஆள் நடக்கிற வேகத்தில் கடப்பதற்கான கணக்கு. வேளச்சேரித் தெருவில் தண்ணீருக்கு அடியில் மூடி போன சாக்கடைக் குழி இருக்கும், எதிரே வரும் பேருந்து அலை எழுப்பும். அந்த அலை பானெட்டுக்கு மேல் வந்து காற்று உறிஞ்சும் குழாய்க்குள் போனால் முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஆறு சிலிண்டர் ஜெர்மன் இன்ஜினுக்கும் அதே கதிதான்.

நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்த வண்டியானாலும் சரி, இது ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இன்ஜினைப் பாதிப் பேர் கெடுப்பது தண்ணீரில் ஓட்டியதால் அல்ல, நின்ற பிறகு பட்டனை அழுத்தியதால். இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சொகுசு வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. எக்ஸ்5-ன் பேட்டரி டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாமல், காலடியில் ஒரு சாண் தண்ணீர் நின்றாலே மாதக்கணக்கில் விதவிதமான விளக்குகள் எரியும். புயல் அறிவிப்பு வந்ததும் உங்கள் ஊர்க்காரர்கள் வண்டிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்களே, அதைவிடச் சிறந்த யோசனை என்னிடம் இல்லை. எந்த வண்டி வாங்கினாலும் அதையே செய்யுங்கள்.

2017 ஆடி க்யூ7 டீசல், டெல்லிப் பதிவு, 70,000 கி.மீ. புது இன்னோவா விலையைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா ஐயா?
– வாசகர், நாமக்கல்

விலை ஏன் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கலாம். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது என்றாலும், அந்தப் பயத்தில் எட்டு, ஒன்பது வயதானவுடன் நல்ல வண்டியையும் தள்ளிவிட்டவர்கள் அங்கே உண்டு. வண்டியில் குறை இருந்துதான் விற்க வேண்டும் என்பதில்லை. அங்கே தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே வாழ்நாள் வரி கட்டி, மறுபதிவு செய்ய ஆகும் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டு, சொன்ன விலையோடு கூட்டிப் பாருங்கள்.

அப்புறம் வண்டியைப் பாருங்கள், ஒரு நாள் போதாது. ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் மாலையில் சமதரையில் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரத்திலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறுபடி அளங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே காற்றுப் பை கசிகிறது. ரப்பர் மடிப்பில் மயிரிழை வெடிப்பு விழுந்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் போகும்.

இந்த வண்டிக்குக் கரி வடிகட்டி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் புகைக்குழாய் முனையில் விரல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வடிகட்டி ஒழுங்காக இருக்கும் டீசல் வண்டியில் கரி ஒட்டாது. விரல் கன்னங்கரேல் என்று வந்தால் வடிகட்டியைக் கழற்றிவிட்டார்கள் அல்லது அது உடைந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கியர்பாக்ஸ் இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். நல்ல பெட்டி. இதன் ஆயிலை ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று பலர் சொல்வார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். சொல்வதோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்று என்று. இந்த வண்டிக்கு கி.மீ. கணக்கு நெருங்கிவிட்டது, வருடக் கணக்கோ தாண்டியே விட்டது. மாற்றியதற்கு ரசீது இல்லை என்றால் வாங்கியவுடன் நீங்கள் மாற்றுங்கள், ஆயிலோடு ஃபில்டர் சேர்ந்த அடித்தட்டையும் சேர்த்து.

விலை பழைய வண்டியின் விலையாக இருந்தாலும், பிரேக்கும் டயரும் உதிரிபாகமும் புது க்யூ7-ன் விலையில்தான் வரும். முதல் வருடச் செலவுக்கு வாங்கிய விலையில் ஆறில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வைக்க முடியும் என்றால் வாங்குங்கள். கடன் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும் என்றால், அதே பணத்துக்குப் புது இன்னோவாவே எடுத்துக்கொள்ளுங்கள்.